புது முட்டியோடு 14 மாதம்

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்த மறுநாள் காலையில் நான் முதலில் தேடியது இஞ்சு டேப்பைத்தான். 31 வருடம் தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்தவள். எதையும் அளந்து பார்த்தால்தான் எனக்கு மனசு அடங்கும். இடது முட்டியின் சுற்றளவு 15 அங்குலம். மாற்றிய வலது முட்டி 17 அங்குலத்தைத் தாண்டி நின்றது. தொட்டால் கொதித்தது. தழும்புக்கு வெளிப்பக்கம் விரல் வைத்தால் உணர்ச்சியே இல்லை. இதெல்லாம் இப்படித்தான் இருக்குமா, இல்லை ஏதாவது கெட்டுப்போய்விட்டதா என்று தெரியாமல் அன்று முழுக்கப் பயந்தே கிடந்தேன்.

டாக்டர் அறுவையைப் பற்றிப் பொறுமையாகச் சொல்லியிருந்தார். எந்த மாத்திரை எந்த வேளைக்கு என்பதும் சீட்டில் இருந்தது. ஆனால் அந்தச் சூடு, மரத்துப்போதல், நடக்கும்போது கேட்கும் சத்தம், ராத்திரி 2 மணிக்கு விழித்துக்கொண்டு விடிய விடியக் கிடப்பது, இவற்றையெல்லாம் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. இன்றைக்கு 14 மாதம் ஆகிறது. இரண்டாவது வாரத்தில் படுத்துக்கொண்டு, நான் பயந்தது போலவே பயப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் உள்ளே என்ன நடந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். பாதிப் பயம் அதிலேயே போய்விடும். தொடை எலும்பின் நுனியிலும் முன்கால் எலும்பின் தலையிலும் தேய்ந்த பரப்பைச் சுமார் 8 முதல் 10 மில்லிமீட்டர் கனத்துக்குச் சீவி எடுக்கிறார்கள். தொடை எலும்புக்குப் பெரும்பாலும் கோபால்ட்-குரோமியம் கலந்த உலோகத்தில் ஒரு மூடி. கீழ் எலும்புக்கு அநேகமாக டைட்டானியத் தட்டு. இரண்டுக்கும் நடுவே பாலிஎத்திலீன் என்ற கெட்டிப் பிளாஸ்டிக். இந்தப் பாகங்கள் முதல் நாளே உங்கள் எடையைத் தாங்கிவிடும். அதனால்தான் அன்றைக்கோ மறுநாளோ எழுப்பி நடக்க விடுகிறார்கள். தோல், தசை, மூட்டைச் சுற்றிய உறை, சின்னச் சின்ன நரம்புகள் எல்லாவற்றையும் திறந்துதான் அந்த இடத்துக்குப் போயிருக்கிறார்கள். அவை ஆறுவதற்கு ஒரு வருடமும் ஆகலாம். இனி நான் சொல்லும் தொந்தரவுகளில் பெரும்பாலானவை அந்த ஆறுதலின் வேலைதான்.

வீக்கத்தை அளந்து வையுங்கள்

சட்டைக்கு அளவெடுக்கும்போது ஒரே இடத்தில் டேப்பைப் பிடிக்காவிட்டால் அளவுக்கு அர்த்தமில்லை. முட்டிக்கும் அப்படித்தான். முட்டிச் சில்லின் நடுவுக்கு நேராகத் தோலில் பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொண்டேன். காயத்தின் மேல் வேண்டாம், பக்கவாட்டில் போதும். தினமும் காலையில், கட்டிலை விட்டு இறங்குவதற்கு முன், காலை நீட்டி வைத்துக்கொண்டு அளந்து ஒரு நோட்டில் எழுதுவேன்.

இரண்டாவது வாரத்தில் ஒருநாள் உடம்பு லேசாக இருப்பதாகத் தோன்றி, வீட்டுக்குள்ளேயே மதியம் வரை நடந்துகொண்டே இருந்தேன். அன்றைக்கு எந்த வலியும் இல்லை. மறுநாள் டேப் அரை அங்குலம் கூடுதலாகக் காட்டியது. அன்று முட்டி மடங்கவே மறுத்தது. செய்த தப்புக்கு முட்டி அன்றே பதில் சொல்லாது, மறுநாள்தான் சொல்லும். அதிலிருந்து எனக்கு நானே ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். காலை அளவு கால் அங்குலத்துக்கு மேல் ஏறியிருந்தால் அன்றைய நடையைப் பாதியாகக் குறைப்பேன். நிறுத்த மாட்டேன். ஒரேயடியாகப் படுத்துவிட்டால் முட்டி கட்டிப்போகும், ரத்தம் உறையும் ஆபத்தும் கூடும்.

வீக்கம் இறங்கக் காலை உயர்த்துவது என்றால் குதிகால் நெஞ்சை விட மேலே இருக்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து ஸ்டூலில் காலை வைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது போதாது. மல்லாந்து படுத்துக் கால் முழுவதையும் தாங்கித் தூக்கி வைக்க வேண்டும். ஐஸ் பையை ஒரு துணிக்கு மேல் வைத்து 15 முதல் 20 நிமிடம் வரை ஒத்தடம் கொடுக்கலாம். மரத்துப்போன இடத்துக்குக் குளிர் சுடுவது தெரியாது. அதனால் நடுநடுவே பையை எடுத்துத் தோலைக் கண்ணால் பாருங்கள். அதே காரணத்துக்காக வெந்நீர்ப் பை பக்கமே போக வேண்டாம்.

நாலைந்து நாளில் தொடையிலிருந்து கணுக்கால் வரை கருநீலமாக ரத்தம் கட்டியது போலத் தெரியலாம். உள்ளே கசிந்த ரத்தம் மெல்லக் கீழே இறங்குவதுதான் அது. பச்சை, மஞ்சள் என்று மாறிக் கலைந்துவிடும். வீக்கத்தில் பெரும்பகுதி முதல் மூன்று மாதத்தில் வடிந்தாலும் சாயங்கால வீக்கம் பல மாதம் இருக்கும். எனக்கு ஐந்தாம் மாதத்தில் இரண்டு முட்டிக்கும் அரை அங்குல வித்தியாசம் இருந்தது. கையில் உணரக்கூடிய சூடு ஏழாம் மாதம் வரை இருந்தது.

மடக்குவதற்கு முன் நீட்டுங்கள்

இந்தப் பகுதியை மட்டுமாவது தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள். நான் பெரிதாகத் தவறு செய்தது இதில்தான்.

முதல் மூன்று வாரம் முட்டிக்கு அடியில் தலையணை வைத்துத் தூங்கினேன். அவ்வளவு சுகமாக இருந்தது. லேசாக மடங்கிய நிலையில்தான் மூட்டுக்குள் நீர் தேங்க இடம் கிடைக்கும், இறுக்கம் குறையும், அதனால் அந்தச் சுகம். மூன்றாவது வாரம் பிசியோதெரபிஸ்ட் கோணமானியை வைத்துப் பார்த்துவிட்டு, “அம்மா, முட்டிக்கு அடியில தலையணை வைக்கிறீங்களா?” என்று கேட்டார். என் கால் முழுதாக நீள 8 டிகிரி பாக்கி இருந்தது.

8 டிகிரிதானே என்று நானும் நினைத்தேன். கால் நேராக நீண்டால், நிற்கும்போது எலும்பின் மேல் எலும்பு அமர்ந்து தொடைத் தசைக்கு ஓய்வு கிடைக்கும். நீளாவிட்டால் நிற்கிற ஒவ்வொரு நிமிடமும் அந்தத் தசை உழைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்தக் கால் குட்டையானது போல ஆகி, நடை சாய்ந்து, இடுப்பு வலிக்கத் தொடங்கும். மடக்கம் கொஞ்சம் குறைந்தால் வாழ்ந்துவிடலாம். நீட்டம் குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் அது தெரியும்.

சரிசெய்த விதம் இது. ஒரு துண்டை உருளையாகச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் மட்டும் வைப்பேன். முட்டிக்கு அடியில் ஒன்றும் இருக்காது. அப்படியே 10 நிமிடம் படுத்திருப்பேன். காலின் எடையே முட்டியைக் கீழே அழுத்தும். பிறகு தொடையை இறுக்கி, முட்டியின் பின்பக்கத்தைக் கட்டிலை நோக்கி அழுத்தி 5 எண்ணி விடுவேன், 10 தடவை. ஒரு நாளைக்கு நாலைந்து முறை. டி.வி. பார்க்கும்போது குதிகாலை எதிர் நாற்காலியில் வைத்து நடுவில் முட்டியைத் தொங்க விடுவேன். ஒன்பதாவது வாரம் 2 டிகிரிதான் பாக்கி. தலையணையை முதல் நாளே தவிர்த்திருந்தால் அந்த ஆறு வாரத்து வேதனை எனக்குத் தேவைப்பட்டிருக்காது.

மடக்கம் பற்றி ஒரு கணக்கு கையில் இருக்கட்டும். சமதரையில் நடக்கச் சுமார் 65 முதல் 70 டிகிரி போதும். படி ஏற 80-க்கு மேல், இறங்க 90 முதல் 100 வரை, சாதாரண நாற்காலியிலிருந்து எழ 90-க்குச் சற்று மேல், தாழ்வான இருக்கையிலிருந்து எழ 105 அளவு வேண்டும். பலருக்கும் கடைசியில் 110 முதல் 120 வரை கிடைக்கிறது. அறுவைக்கு முன்னால் உங்கள் முட்டி எவ்வளவு மடங்கியதோ அதையொட்டியே பின்னாலும் அமையும். பக்கத்து வீட்டுக்காரருக்கு 125 வந்தது என்று மனசை வருத்திக்கொள்ளாதீர்கள்.

வீட்டில் இதை அளக்க எனக்குத் தையல் சாக்கட்டி உதவியது. நாற்காலியில் ஒட்டி உட்கார்ந்து, பாதத்துக்கு அடியில் வழுக்கும் துணி ஒன்றைப் போட்டு, பாதத்தைப் பின்னால் இழுக்கிற வரை இழுத்து, கட்டைவிரல் நிற்கும் இடத்தில் தரையில் கோடு போடுவேன். வாரத்துக்கு ஒரு கோடு. தினமும் பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். வாரக் கோடுகள்தான் நகர்வதைக் காட்டும். வலி மாத்திரை போட்டு அரை மணி, முக்கால் மணி கழித்துப் பயிற்சி செய்தால் அதே வலியில் அதிக தூரம் போகலாம். இறுக்கி இழுப்பது போன்ற வலி வரலாம், வரும். கத்தி செருகியது போல வந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

நிலையாக நிற்கும் சைக்கிள் கிடைத்தால் சீட்டை உயரமாக வைத்து, முழுச் சுற்றுக்கு ஆசைப்படாமல் முன்னும் பின்னும் அரைவட்டமாக ஆட்டுங்கள். முழுச் சுற்றுக்கு 105 டிகிரிக்கு மேல் தேவைப்படும். முதல் முழுச் சுற்று பின்னோக்கி மிதிக்கும்போதுதான் எளிதாக வரும். எனக்கு அது ஏழாவது வாரம் வந்தது. அறையில் யாரும் இல்லை, சத்தமாகவே அழுதேன்.

ஆறு வாரம் ஆகியும் 90 டிகிரிக்குக் கீழேயே நின்றால் காத்திருக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். மயக்க மருந்து கொடுத்துக் காலை மடக்கி உள் ஒட்டுகளைப் பிரிக்கும் முறை ஒன்று இருக்கிறது. முதல் மூன்று மாதத்துக்குள் செய்தால்தான் அதற்கு நல்ல பலன் உண்டு.

தசை, கைத்தடி, படி

அறுவை முடிந்த முதல் மாதத்தில் முன் தொடைத் தசையின் பலம் பாதிக்கும் கீழே போய்விடும். முட்டி திடீரென்று நழுவுவது போல இருப்பது பெரும்பாலும் இதனால்தான். காலை நேராக நீட்டித் தூக்குவது, உயரமான நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, இந்த இரண்டையும் மாதக்கணக்கில் விடாமல் செய்ய வேண்டும். வலி போனதும் பயிற்சியை விட்டுவிடுகிறவர்கள்தான் ஒரு வருடம் கழித்தும் படி இறங்கத் தடுமாறுகிறார்கள்.

கைத்தடியை அறுவை செய்த காலுக்கு எதிர்க் கையில் பிடியுங்கள். வலது முட்டி மாற்றிய நான் இடது கையில் பிடித்தேன். வலிக்கிற பக்கமே பிடித்தால் உடம்பு முழுக்க அந்தக் காலின் மேல் சாயும். கையைத் தொங்க விட்டு நின்றால் தடியின் பிடி மணிக்கட்டு மடிப்புக்கு நேராக இருக்க வேண்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அறுவை செய்த கால் முதலில்.

மரத்துப்போன இடம்

அறுவைக் கோட்டுக்கு வெளிப்பக்கம் உள்ளங்கை அளவுக்கு எனக்கு மரத்துப்போயிருந்தது. முட்டியின் உட்பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் போகும் மெல்லிய தோல் நரம்புக் கிளைகள் அந்தக் கோட்டைக் கடந்துதான் போகின்றன. வெட்டும்போது அவை அறுபடாமல் இருக்க வழியில்லை. இது யாருடைய தவறும் இல்லை. ஓரங்களிலிருந்து மெதுவாக உணர்ச்சி திரும்பும். திரும்பும்போது மின்சாரம் தொட்டது போலச் சுரீர் சுரீர் என்று இருக்கும், தினவெடுக்கும். இப்போது எனக்கு இரண்டு விரல் அகலத்துக்கு மட்டும் மீதி. அது அப்படியே தங்கிவிடலாம் என்றார்கள். பழகிவிட்டது.

இதற்கு நேர்மாறாக, தழும்பை ஒட்டிய இடத்தில் துணி பட்டாலே எரிந்தது. என்னிடம் துண்டுத் துணிக்குப் பஞ்சமில்லை. முதலில் பட்டுத் துண்டு, பிறகு மெல்லிய பருத்தி, பிறகு கெட்டிப் பருத்தி, கடைசியில் சொரசொரப்பான துவாலை என்று வாரத்துக்கு ஒன்றாக, தினமும் இரண்டு முறை ஐந்து நிமிடம் தடவினேன். ஐந்தாறு வாரத்தில் எரிச்சல் அடங்கியது.

காயம் முழுதாக மூடி, பொருக்கெல்லாம் உதிர்ந்து, டாக்டர் சரி என்று சொன்ன பிறகு தழும்பை விரலால் வட்டமாக அழுத்தித் தேய்க்க ஆரம்பியுங்கள். தைக்கும்போது உள்துணி தவறுதலாக மேல்துணியோடு பிடிபட்டால் துணி சுருங்கி இழுக்கும். தழும்பு உள்ளே ஒட்டிக்கொண்டாலும் அதே இழுப்பு, ஒவ்வொரு முறை மடக்கும்போதும். முதல் வருடம் தழும்பின் மேல் வெயில் படாமல் மூடி வையுங்கள், நிறம் கறுத்துப்போகாமல் இருக்கும்.

நடக்கும்போது ‘டக்’ என்று கேட்பது உலோகமும் பிளாஸ்டிக்கும் தொட்டு விலகும் சத்தம். வலியோ வீக்கமோ இல்லையென்றால் விட்டுவிடுங்கள். தசை தேறத் தேறக் குறையும்.

ராத்திரிகள்

எனக்கு வலியை விடத் தூக்கமின்மைதான் பெரிய கஷ்டம். முதல் இரண்டு மாதம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் சேர்ந்தாற்போலத் தூங்கியதே இல்லை. கடைசி வேளை வலி மாத்திரையைப் படுக்கும் நேரத்தோடு சேர்ந்து வரும்படி டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொண்டேன். படுக்குமுன் ஐஸ் ஒத்தடம். ஒருக்களித்துப் படுக்க அனுமதி கிடைத்ததும் இரண்டு காலுக்கும் நடுவில் தலையணை. விழிப்பு வந்தால் புரண்டுகொண்டே கிடக்காமல் எழுந்து ஐந்து நிமிடம் அறைக்குள் நடந்தேன். படுத்தே இருந்தால் முட்டி இறுகி வலி கூடும்.

கடுமையான வலி மாத்திரைகள் மலச்சிக்கலைத் தரும். முதல் நாளிலிருந்தே தண்ணீரும் நார்ச்சத்தும் கூட்டுங்கள், அவசியமானால் மருந்து கேளுங்கள். அந்த மாத்திரைகளை நாளாவட்டத்தில் எப்படிக் குறைப்பது என்பதை டாக்டர் சொல்படி மட்டும் செய்யுங்கள்.

நாலாவது வாரம் ஏன் இதைச் செய்துகொண்டோம் என்று தோன்றியது. பழைய வலியே தேவலை என்று அக்காவிடம் போனில் சொல்லி அழுதேன். “அழுதுட்டு எழுந்து நட” என்றாள். அந்தச் சமயத்தில் மனம் இப்படி உடைவது நிறையப் பேருக்கு வருகிறது. வெளியே சொல்லுங்கள். வாரக்கணக்கில் விலகாமல் இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

காத்திருக்கக் கூடாதவை

ஐந்தாவது வாரம் கெண்டைக்கால் இறுகி வலித்தது. பயிற்சியால் வந்த பிடிப்பு என்று அரை நாள் தள்ளிப்போட்டேன். மகள்தான் பிடிவாதமாக அழைத்துப்போனாள். டாப்ளர் ஸ்கேனில் ரத்தக்கட்டி இல்லை. ஆனால் நான் தள்ளிப்போட்டது தவறு. கெண்டைக்கால் வலி, தொட்டால் நோவு, ராத்திரி முழுக்க உயர்த்தி வைத்தும் வடியாத கால் வீக்கம் இருந்தால் அன்றே காட்டுங்கள். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சு வலி, இருமலில் ரத்தம் என்றால் அவசரச் சிகிச்சைக்கு உடனே போக வேண்டும், கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மருந்தை நன்றாக இருக்கிறது என்று பாதியில் நிறுத்தாதீர்கள்.

அடுத்தது கிருமி. காயத்தில் கசிவு, பரவும் சிவப்பு, 38 டிகிரி செல்சியஸைத் தாண்டி நீடிக்கும் காய்ச்சல், குறைந்துகொண்டு வந்த வலி மறுபடி ஏறுவது, இவை வந்தால் அறுவை செய்த டாக்டரைத்தான் முதலில் கூப்பிட வேண்டும். கையில் இருக்கும் ஆன்டிபயாடிக்கை நீங்களாகப் போட்டுக்கொண்டால், மூட்டு நீரைச் சோதிக்கும்போது எந்தக் கிருமி என்பது தெரியாமல் மறைந்துபோகும். இந்த ஆபத்து வருடங்கள் கழித்தும் உண்டு. பல் சீழ், கால் புண், சிறுநீர்த் தொற்று இவற்றிலிருந்து கிருமி ரத்தம் வழியாகச் செயற்கை மூட்டில் போய் உட்காரலாம். எங்கே புண் வந்தாலும் உடனே வைத்தியம் பாருங்கள். பல் டாக்டரிடம் முட்டி மாற்றியதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

போகப் போக

என் வலது கால் வருடக்கணக்கில் வெளிப்பக்கம் வளைந்திருந்தது. அறுவையில் நேராக்கியதும் கால் நீண்டுவிட்டது போல இருந்தது. நிஜமாகவே என் கால்சட்டையின் வலது விளிம்பு கால் அங்குலம் மேலே நின்றது. இடுப்பின் பக்கவாட்டுத் தசைகளும் கணுக்காலும் இந்தப் புது நேர்கோட்டுக்குப் பழகும் வரை வலிக்கும். அவசரப்பட்டுச் செருப்பில் அட்டை வைக்காதீர்கள், சில மாதத்தில் உடம்பே சமன் செய்துகொள்ளும். எனக்கு மூன்றரை மாதம் ஆனது.

பத்தாவது வாரம் தையல் இயந்திரத்துக்குத் திரும்பினேன். முதலில் 15 நிமிடம், பிறகு அரை மணி. இன்றும் அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடப்பேன். நெடுநேரம் உட்கார்ந்து எழும் முதல் நாலு அடி இன்னும் கட்டையாகத்தான் இருக்கிறது.

மண்டியிடுவது பொதுவாக மூட்டைக் கெடுக்காது. ஆனால் மரத்துப்போன தோலில் விசித்திரமாக இருக்கும். டாக்டரைக் கேட்டு, மெத்தென்ற ஒன்றை விரித்துப் பழகுங்கள். தரையிலிருந்து எழ வேண்டியிருந்தால் முதலில் குப்புறத் திரும்பி, ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டு, நல்ல காலை முன்னே ஊன்றி எழுங்கள். நடை, நீச்சல், சைக்கிள் நல்லது. ஓட்டமும் குதிப்பும் பிளாஸ்டிக்கைத் தேய்க்கும், அவற்றை விட்டுவிடுங்கள். விமான நிலையத்தில் உலோகக் கருவி கத்தும், முட்டி மாற்றியிருப்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். எம்.ஆர்.ஐ. எடுக்க நேர்ந்தாலும் சொல்லுங்கள்.

மாற்றிய முட்டிகளில் பத்துக்கு எட்டு 25 வருடம் வரை உழைக்கின்றன. அதே சமயம், பத்துப் பேரில் ஒருவர் இரண்டு பேருக்கு வருடம் கடந்தும் வலி தங்கிவிடுகிறது. அது உங்கள் கற்பனை இல்லை. இடுப்பு மூட்டும் முதுகு நரம்பும்கூட முட்டியில் வலியாகத் தெரியும். அவற்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லி, காரணம் தெரியும் வரை கேளுங்கள்.

இன்று காலை டேப் வைத்தேன். இடது 15, வலது 15-க்கு மேல் ஒரு நூல். இப்போது இடது முட்டியும் தேய்ந்துவிட்டது, மூன்று மாதம் கழித்துத் தேதி கொடுத்திருக்கிறார்கள். தொடைத் தசைப் பயிற்சியை இந்த வாரமே தொடங்கிவிட்டேன். கழிவறை இருக்கையை உயர்த்தச் சொல்லியிருக்கிறேன், தடுக்குகிற விரிப்புகளைச் சுருட்டி மேலே போட்டாயிற்று, பல்லையும் காட்டியாயிற்று. குதிகாலுக்கு வைக்கும் துண்டு உருளையைக் கெட்டித் துணியில் ஒழுங்காகத் தைத்துக் கட்டில் ஓரத்தில் வைத்திருக்கிறேன்.